இரவல் மூச்சு

அரக்கோணம் ஜங்ஷன்
9 மார்ச் 1929

ஆம்பூர் யூனியன் மருத்துவச்சி சவுரியம்மாளுக்கு,

க்ஷேமம் விசாரித்து எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. ரங்கம்மாளின் மகன், கண்ணம்மாளின் அண்ணன் என்றால் உனக்குத் தெரியும். இங்கே ஸ்டேஷனில் டிக்கெட் குமாஸ்தாவாக இருக்கிறேன். என் தங்கை பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று அவள் வேலூர் ஜெயிலில் இருக்கிறாள். காரணம் நீ.

பிரசவம் பார்த்தவள் நீ. குழந்தை செத்துப் பிறந்தது என்று எங்கள் வீட்டிலும் சொன்னாய், யூனியன் ஆபீஸிலும் சொல்லி எழுதவைத்தாய். உன் வார்த்தையை நம்பித்தான் அன்றே பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். கண்ணம்மாளின் புருஷன் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய தம்பி சுந்தரமூர்த்தி குடியாத்தத்திலிருந்து அலறிக்கொண்டு வந்தான். தகப்பனை விழுங்கிய பிள்ளை ஆகாது என்று நாங்களே அதைக் கொன்றுவிட்டோமாம். அப்படியே போலீஸில் பெட்டிஷன் கொடுத்துவிட்டான்.

மறுநாள் தோண்டி எடுத்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் குழந்தையின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம். செத்துப் பிறந்த பிள்ளையின் நுரையீரல் முழுகிவிடுமாம், மூச்சு விட்ட பிள்ளையுடையது மிதக்குமாம். இது மிதந்தது. ஆகவே பிள்ளை உயிரோடு பிறந்தது, யாரோ கொன்றார்கள், பக்கத்தில் படுத்திருந்தவள் தாய். கேஸ் இவ்வளவுதான்.

ஒன்று நீ சொன்னது பொய், இல்லை டாக்டர் சொன்னது பொய். டாக்டர் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். நீ என்ன படித்தாய் என்று எனக்குத் தெரியாது. தபால் கண்டதும் உள்ளதை உள்ளபடி எழுது.

பஞ்சாட்சரம்


ஆம்பூர்
11 மார்ச் 1929

ஐயா அவர்களுக்கு சவுரியம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் எழுந்தேன். கண்ணம்மாள் முகம் நினைவுக்கு வந்தது, அதனால் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் என்ன படித்தேன் என்று கேட்டீர்கள். வேலூரில் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்து கற்றுப் பாஸ் செய்தவள். ஆம்பூரில் உங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் என் கையில் விழுந்தவர்கள்.

குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்து வந்தான். அழவில்லை, கை கால் அசையவில்லை. ஆனால் தொப்புள் கொடியைப் பிடித்தால் விரலுக்கடியில் துடிப்பு இருந்தது. துடிப்பு இருக்கிற பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்பது எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். விரலை விட்டுச் சளியை எடுத்தேன், உள்ளங்காலில் தட்டினேன், வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி எடுத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியாக அவன் வாயில் என் வாயை வைத்து ஊதினேன். நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் அது என் மூச்சு. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. கொஞ்ச நேரத்தில் கொடியும் ஓய்ந்துவிட்டது. அவனாக ஒரு தடவைகூட மூச்சு இழுக்கவில்லை.

யூனியன் ஆபீஸில் குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி. "அழுதுதா?" இல்லை என்றேன். "அப்போ செத்துப் பொறந்தது" என்று எழுதிக்கொண்டார். கொடியில் துடிப்பு இருந்ததே என்றேன். "அதுக்கெல்லாம் இங்க எடம் இல்லம்மா, காலங்காத்தால பேஜார் பண்ணாத" என்றார். ஆபீஸுக்கு அழுகை வேண்டும், டாக்டருக்கு நுரையீரல் வேண்டும். நான் தொட்டுப் பார்த்ததை இரண்டு பேருமே கேட்கவில்லை.

டாக்டர் பார்த்த காற்று நான் ஊதின காற்று ஐயா. இதை நான் மறைக்கவில்லை. தோண்டி எடுத்த அன்று, உங்கள் வீட்டு வாசலில், தெருவே கூடி நிற்க, சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். உங்கள் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "இன்னா பேச்சு பேசறா இவ! சேரிக்காரி வாய் எங்க வூட்டுப் புள்ள வாய்ல படறதுக்கு வுட்ருவேனா நான்? ஏந்தி என் கையில குடுத்தா, அவ்ளோதான்" என்றார். வீட்டுக்காரம்மா பேச்சை எழுதிக்கொண்டார்கள், என் பேச்சை விட்டுவிட்டார்கள். குடும்பத்தோடு சேர்ந்து மறைத்தேன் என்று என்னையும் கேஸில் எதிரியாகப் போடாமல் விட்டதே பெரிய தயவு என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அன்றைக்கு அந்த அறையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தவர் உங்கள் அம்மாதான். நான் ஊதும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு "ஊதுடி, இன்னும் ஊதுடி" என்று அழுதவரும் அவர்தான். உங்கள் தங்கையை ஜெயிலுக்கு அனுப்பியது யார் என்று இனி உங்கள் வீட்டிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சவுரியம்மாள்


அரக்கோணம்
14 மார்ச் 1929

சவுரியம்மாளுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலூரில் ராமலிங்கம் வக்கீலிடம் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். யாராவது வாய்வைத்து ஊதியிருந்தால் நுரையீரல் மிதக்கும், அப்போது அந்தப் பரீட்சையை நம்பமுடியாது என்று டாக்டரே சொல்வாராம். யாராவது ஊதினார்களா என்று டாக்டர் அப்போதே போலீஸில் கேட்டு அனுப்பியிருக்கிறார். ஒருவரும் இல்லை என்று பதில் போயிருக்கிறது. என் அம்மா புண்ணியம்.

உன் வார்த்தை மட்டும் போதாது என்கிறார் வக்கீல். உன்மேல் பழி வராமல் இருக்க நீயே கதை கட்டிச் சொல்வதாக சர்க்கார் வக்கீல் அடித்துவிடுவாராம். அறையில் இருந்த இன்னொருத்தி அம்மா. அவளும் சொல்லவேண்டும். இன்னொன்று. கொடியில் துடிப்பு இருந்த விஷயத்தை யாராவது கேட்டாலொழிய நீயாக எடுக்காதே. மூச்சே இல்லாவிட்டாலும் துடிப்பு இருந்தால் அதுவும் உயிர்ப் பிறப்புத்தான் என்று சொல்கிற புத்தகங்களும் இருக்கின்றனவாம். அதைப் பிடித்துக்கொண்டால் நாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்குப் போய் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நாளைக்கு உன் பொண்ணுங்கள எவன்டா கட்டுவான்? தெருவுல ஒருத்தன் தண்ணி குடிப்பானா நம்ம வூட்ல?" என்று என்னைத்தான் திட்டினாள். மகள் ஜெயிலில் கிடக்கிறாள், இவளுக்குத் தெருக்காரன் தண்ணீர் குடிப்பது கவலையாக இருக்கிறது.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். குழந்தையின் வாய்மேல் ஒரு துணியைப் போட்டு, துணிமேல்தான் ஊதினேன் என்று நீ சொல். அப்படியென்றால் அம்மாவும் வந்து சொல்லச் சம்மதிக்கிறாள். துணி வழியாகப் போனாலும் காற்று காற்றுதானே. இரண்டு பேர் சாட்சியும் ஒத்துப்போகும், கண்ணம்மாள் வெளியே வந்துவிடுவாள். ஒரு சின்ன வார்த்தை. இதில் உனக்கு என்ன நஷ்டம்?

பஞ்சாட்சரம்


ஆம்பூர்
16 மார்ச் 1929

ஐயா,

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

துணி இல்லை. துணி தேட எனக்கு நேரம் இல்லை. ஊதுவதற்கு ஒரு ரப்பர் குழாய் வாங்கிக்கொடுங்கள் என்று யூனியன் போர்டுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதுவும் இல்லை. இருந்தது என் வாய். நான் வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறவள். இல்லாத துணியை எப்படி இருந்தது என்று சொல்வேன்?

அது போகட்டும். துணி போட்டேன் என்றால் எதற்காகப் போட்டேன் என்று கேட்பார்களே, என்ன சொல்லட்டும்? என் வாய் தீட்டு, அதனால் போட்டேன் என்றா? உங்கள் தெரு முனையில் செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள், கழற்றினேன். கொல்லைப்புறமாக வரச் சொன்னீர்கள், வந்தேன். நான் வாசல் தாண்டுவதற்குள் சாணித் தண்ணீர் கரைத்து அறையைக் கழுவினீர்கள், பார்த்துக்கொண்டேதான் போனேன். என் அப்பா தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று காலெல்லாம் வெந்துபோனவர். மகள் வெள்ளைச் சேலை கட்டி நர்ஸாக நிற்கவேண்டும் என்று படிக்கவைத்தார். அந்த மகள் கோர்ட்டில் ஏறி நின்று, என் வாய் அசுத்தம்தான் எசமான் என்று தானே சொல்லவேண்டுமா? மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயாலேயே சொல்லமாட்டேன்.

"ஊதுடி" என்று சொன்னவர் உங்கள் அம்மா. அதே வாயால் கோர்ட்டிலும் சொல்லச் சொல்லுங்கள். இதற்குமேல் இந்த விஷயமாக எனக்கு எழுதவேண்டாம்.

சவுரியம்மாள்


அரக்கோணம்
18 மார்ச் 1929

சவுரியம்மாள் அவர்களுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று கண்ணம்மாளைப் பார்த்தேன். பால் இன்னும் நிற்கவில்லை. நெஞ்சு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கிறது. துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறாள், அது நனைந்துகொண்டே இருக்கிறது. நான் அண்ணன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, ரத்தம் போயி எனக்கு நெனவே இல்ல. முழிச்சப்போ புள்ள பக்கத்துல கெடந்துது, சில்லுனு. நான் தூக்கத்துல பொரண்டு படுத்துட்டேனா? அதுலதான் செத்துப்போச்சா? டாக்டரு அவ்ளோ படிச்சவரு, அவரு இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறாரு?" இல்லை இல்லை என்றேன். அவள் காதில் ஏறவில்லை. "நான்தான்னு ஒத்துக்கறேண்ணா. பெத்ததப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு ஜெயில்தான் சரி" என்கிறாள்.

இருபத்தாறாம் தேதி மாஜிஸ்திரேட் விசாரணை. செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பலாமா விட்டுவிடலாமா என்று அன்று முடிவாகிவிடும். அன்றைக்கு இவள் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டால் வக்கீலால் ஒன்றும் செய்யமுடியாது. துணி என்றால்தான் வருவேன் என்று அம்மா பிடித்த பிடியில் நிற்கிறாள். உங்கள் கோபம் நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு என் தங்கையை வெளியே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. வேண்டுமானால் இன்னும் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பஞ்சாட்சரம்


ஆம்பூர்
19 மார்ச் 1929

ஐயா,

புரண்டு படுக்கவில்லை என்று அவளுக்கு விவரமாகச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லையா? உடனே போய்ச் சொல்லுங்கள். நான் கொடியை அறுப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தியது நான்தான். கண் விழித்தால் பெற்றவள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று கிடத்தினேன். அது இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது?

பால் கட்டினதற்கு மல்லிகைப்பூவை நெஞ்சில் வைத்துக் கட்டவேண்டும். வாடினால் மாற்றி வேறு வைக்கவேண்டும். ஜெயில் வார்டரம்மாவிடம் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். தாலி அறுத்தவளுக்குப் பூவா என்று உங்கள் அம்மா ஆரம்பித்தால், அது மருந்து என்று சொல்லி வாயை அடையுங்கள்.

துணி போட்டேன் என்று சொல்கிறேன். என் கைக்குட்டை, வெள்ளை. அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். உங்களுக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை. இந்தப் பொய்யை மாதா கோயில் சாமியாரிடம் சொல்லி மண்டி போட்டுக்கொள்கிறேன், கடவுள் மன்னிப்பார். நான் உங்களை மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சவுரியம்மாள்


அரக்கோணம்
28 மார்ச் 1929

சவுரியம்மாள் அவர்களுக்கு,

கண்ணம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சாட்சி சொன்ன கையோடு, ஒரு பிரசவம் காத்திருக்கிறது என்று நீங்கள் காட்பாடிக்கு ரயிலேறப் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எப்படி எழுதுவது என்று நேற்றெல்லாம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கூண்டில் ஏறினாள். சொல்லிக்கொடுத்தபடியே துணி என்றாள். யார் துணி என்று கேட்டார் சர்க்கார் வக்கீல். "அவளுதுதாங்க, வெள்ளைக் கைக்குட்டை." அவர் சிரித்துக்கொண்டே, "ஏனம்மா, வாய் பட்டால் தீட்டு, அவள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை பட்டால் தீட்டு இல்லையா? அதை மட்டும் எப்படி உன் பேரன் வாயில் போட விட்டாய்?" என்றார். கோர்ட்டே சிரித்தது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, வக்கீலுக்கும் தோன்றவில்லை.

அம்மா கண்ணம்மாள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரவிக்கை நனைந்து நின்றுகொண்டிருந்தாள் அவள். அவ்வளவுதான், அம்மா உடைந்துவிட்டாள். "துணியும் இல்ல ஒண்ணும் இல்லைங்க எசமான். வாயை வச்சுத்தான் ஊதினா. நான்தான் ஊது ஊதுன்னு கெஞ்சினேன். புள்ள பொழைச்சா போதும்னு இருந்துது அப்போ. அப்பால தெருவுக்குப் பயந்துட்டேன். என் பொண்ண வுட்ருங்க" என்று கூண்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஊதியிருந்தால் என் பரீட்சை செல்லாது என்று அவர் சொல்லிவிட்டார். தனக்கே கேடு வரும் என்று தெரிந்து சொல்கிற இந்தத் தாயாரை நம்புகிறேன் என்று மாஜிஸ்திரேட் கேஸைத் தள்ளினார். ஆனால் அதோடு விடவில்லை. சத்தியம் செய்துவிட்டுத் துணி என்று பொய் சொன்ன மருத்துவச்சி சர்க்கார் வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று எழுதி, அதன் நகலைப் போர்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

நீங்கள் முதலில் சொன்னதையே சொல்ல விட்டிருந்தால் என்று நினைக்காமல் இல்லை. போர்டில் விளக்கம் கேட்டால் தயவுசெய்து என் பெயரை எழுதவேண்டாம். பொய்ச்சாட்சி சொல்லத் தூண்டினவனுக்கு ஏழு வருஷம்வரை போடலாம் என்கிறார் ராமலிங்கம். எனக்கு இரண்டு பெண்கள். ஏற்கனவே தெருவில் அம்மாவைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடுவதில்லை. இங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஏதாவது காலியானால் உங்களுக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பஞ்சாட்சரம்


ஆம்பூர்
21 ஏப்ரல் 1929

ஐயா,

போர்டில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விளக்கம் கேட்டார்கள். வாய் வைத்தது நிஜம், துணி பொய் என்று எழுதினேன். ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்விக்குப் பதில் எழுதவில்லை. நீங்கள் பயந்துகொண்டு கிடக்கவேண்டாம். உங்கள் கடிதங்கள் என் பெட்டியில்தான் இருக்கின்றன. எரித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் எரிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கூண்டில் வந்த தைரியம் உங்களுக்கு என்றைக்காவது வருகிறதா பார்ப்போம்.

ஆயா வேலை வேண்டாம். நான் மருத்துவச்சி. தோல் மண்டிக்காரர் வீட்டு அக்தரி பேகம் தன் மருமகள் பிரசவத்துக்கு என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார். போர்டு நிறுத்தினாலும் பிள்ளைகள் நிற்கப்போவதில்லை.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தெரு நெடுக நடந்து வந்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள். உள்ளே வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள். "நெசத்தச் சொல்லுக்கா. உசிரு இருந்துதா?"

கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெற்றவள் கேட்டாள், சொல்லிவிட்டேன். அவள் விரலை எடுத்து அவள் மணிக்கட்டிலேயே வைத்து, இந்த மாதிரித்தான் கொடி துடித்தது, இதைவிட மெதுவாக, நான் ஊதிக்கொண்டிருந்த வரைக்கும் துடித்தது என்றேன். வெகுநேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அவன் செத்துப் பொறக்கல" என்றாள். "ஆபீஸ்ல போயி மாத்தி எழுதச் சொல்லுக்கா. உசிரோட பொறந்தான்னு எழுதச் சொல்லு. பேரு போடணும் அவனுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லிமுடியாது. "மாத்தி எழுதினா மறுபடி உன்னப் புடிச்சிக்குனு போவாங்கடி, பைத்தியக்காரி! அவன் பொறக்கவே இல்லன்னு சொல்லித்தான் உன்ன வெளியே கொண்டாந்திருக்கு" என்று கத்திவிட்டேன். "போவட்டும்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

ஐயா, நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர், எனக்கு விளங்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உயிர் இல்லை என்றால்தான் தாய் உயிரோடு இருக்கலாம். இருந்தது என்று ஒருத்தர் ஒப்புக்கொண்டால் அவள் கொலைகாரி. அழுதால் ஒரு கணக்கு, மிதந்தால் ஒரு கணக்கு, துடித்தால் கணக்கே கிடையாது. வயிற்றில் சுமந்தவள் தன் பிள்ளை கொஞ்ச நேரம் இருந்தான் என்று வாய்விட்டுச் சொல்லமுடியாதபடி இதையெல்லாம் எவன் உட்கார்ந்து எழுதினான்? எனக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. அவளிடம் வாயை மூடு என்று நான் சொல்லவேண்டி வந்ததே, அதுதான் ஆறவில்லை.

கடைசியில் நான் கெஞ்சினேன். ஆபீஸ் வேண்டாம், யாரிடமும் மூச்சு விடாதே, பேர்தானே வேண்டும், இங்கேயே வை, நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். உங்களில் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்லித்தானே வைப்பார்கள். கண்ணம்மாள் எழுந்து வந்து, என் தலையைப் பிடித்துத் திருப்பி, என் காதில் மூன்று தடவை சொன்னாள்.

என்ன பேர் என்று அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். நானும் எழுதமாட்டேன். எழுதினால் அவளுக்கு எதிராகச் சாட்சியாகிவிடும்.

சவுரியம்மாள்